கியோத்தோவின் தேர்: ஊர் கைவிடாத திருவிழா

பக்தர்கள், தொண்டர்கள், உபயகாரர்கள் எல்லாரும் நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க. கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனால் நம்ம கோயிலுக்கும் இதில் விஷயம் இருக்கு.

ஜப்பானில் நம்ம சாமி இருக்கு என்று வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு நாலு தடவை ஒரு செய்தி வரும். அது பொய் இல்லை. கியோத்தோ நகரில் தோஜி என்று ஒரு பௌத்த கோயில் இருக்கிறது. அங்கே நாலு அன்னங்கள் தாங்கும் தாமரை மேல் பிரம்மாவும், யானை மேல் இந்திரனும் உட்கார்ந்திருக்கிறார்கள். 839-ம் ஆண்டில் வைத்த சிலைகள். அதே நகரில் சஞ்ஜூசங்கென்தோ என்ற இன்னொரு கோயில். நீளமான மரக்கட்டடத்துக்குள் 1,001 கண்ணோன் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். அதில் நம்ம கருடன் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு நிற்கிறார். இவர்கள் எல்லாரும் பௌத்த மதத்தோடு சேர்ந்து இந்தியாவிலிருந்து சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்.

போன வருஷம் ஜூலையில் குடும்பத்தோடு கியோத்தோ போனபோது இதையெல்லாம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் என் மனசில் நின்றது சிலை இல்லை, தேர். அந்த ஊர்க்காரர்கள் 1,100 வருஷத்துக்கும் மேலாக நடத்திக்கொண்டு வரும் ஒரு திருவிழா. அதன் வரலாற்றைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நோய்க்குப் பிறந்த திருவிழா

794-ம் ஆண்டில் கம்மு என்ற சக்கரவர்த்தி கியோத்தோவைத் தலைநகரமாக அமைத்தார். சீனாவின் சாங்கான் நகரத்தைப் பார்த்து, சதுரங்கக் கட்டம் மாதிரி நேர் நேராகத் தெருக்கள் போட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேல், 1868 வரைக்கும், அதுதான் சக்கரவர்த்தியின் ஊர்.

ஜனங்கள் நெருக்கமாக வாழும் ஊர். கோடையில் மழை, வெள்ளம், புழுக்கம். அதோடு கொள்ளை நோயும் வரும். 869-ல் அப்படி ஒரு பெரிய நோய் பரவியபோது, நாட்டில் இருந்த 66 மாகாணங்களுக்கும் ஒன்று என்று 66 ஈட்டிகளை நட்டு, கியோன் ஆலயத்துத் தெய்வத்தை எழுந்தருளச் செய்து வழிபட்டதாக அவர்கள் வரலாறு சொல்கிறது. அதுதான் கியோன் திருவிழாவின் ஆரம்பம். கியோன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? புத்தர் தங்கியிருந்த ஜேதவனம் என்ற இடத்தின் ஜப்பானியப் பெயர்தான் அது. அங்கே கும்பிட்ட தெய்வத்துக்கு கோசு தென்னோ என்று பெயர். மாட்டுத் தலை உடைய தெய்வம், ஜேதவனத்தின் காவல் தெய்வம், நோயைக் கொடுக்கவும் நிறுத்தவும் வல்லது என்று நம்பினார்கள். 1868-ல் அரசாங்கம் பௌத்தத்தையும் ஷின்தோவையும் பிரித்தபோது ஆலயத்தின் பெயர் யசாக்கா என்று மாறியது, தெய்வத்தின் பெயரும் சுசானோ என்று மாறியது. திருவிழாவுக்கு மட்டும் கியோன் என்ற பேர் அப்படியே நின்றுவிட்டது.

நோயைக் கொடுப்பதும் சாமி, எடுப்பதும் சாமி. இது நமக்குப் புதுசா? மாரியம்மனைக் கும்பிடும் நமக்கு விளக்கவே வேண்டாம். காடு வெட்டி ரப்பர் தோட்டம் போட்ட காலத்தில் அம்மை, காலரா, மலேரியா என்று சாவு பக்கத்திலேயே இருந்தது. லயத்துப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் அம்மனை வைத்து, வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றிக் கும்பிட்டவர்கள் நம்ம முன்னோர்கள்.

நாம் வாசலில் வேப்பிலை கட்டுவது மாதிரி அவர்களும் ஒன்று கட்டுகிறார்கள். சிமாக்கி என்று பெயர். மூங்கில் இனத்து இலையைச் சுருட்டிக் கட்டிய சின்னக் கட்டு. அதற்கு ஒரு கதை உண்டு. வழிப்போக்கனாக வந்த தெய்வம் ஒரு பணக்காரன் வீட்டில் தங்க இடம் கேட்டது. அவன் விரட்டிவிட்டான். சோமின் ஷோராய் என்ற ஏழை இடம் கொடுத்து, தன்னிடம் இருந்த தினையைச் சமைத்துப் போட்டான். உன் வம்சத்துக்கு நோய் வராது என்று தெய்வம் வாக்குக் கொடுத்தது. அதனால் இன்றைக்கும் சிமாக்கியில், நாங்கள் சோமின் ஷோராயின் வம்சம் என்று எழுதி வாசலில் தொங்கவிடுகிறார்கள். கியோத்தோவில் பெரிய கடையின் வாசலிலும் பார்த்தேன், சின்ன வீட்டின் வாசலிலும் பார்த்தேன்.

தேர் யாருடையது?

இப்போது மொத்தம் 34 தேர்கள். ஜூலை 17-ம் தேதி 23, ஜூலை 24-ம் தேதி 11. சின்னதை யாமா என்றும், உச்சியில் நீண்ட கம்பம் வைத்த பெரியதை ஹோக்கோ என்றும் சொல்வார்கள். பெரிய ஹோக்கோ தரையிலிருந்து உச்சிவரை 25 மீட்டர் அளவுக்குப் போகும். எடை 12 டன் வரைக்கும் வரும். மரச்சக்கரம் மட்டுமே ஆள் உயரத்துக்கும் மேலே, சுமார் 2 மீட்டர். மேல் தட்டில் மணி, புல்லாங்குழல், மேளம் வாசிக்கும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டு பேர் விசிறியைக் காட்டிக் குரல் கொடுக்க, 40, 50 பேர் வடம் பிடித்து இழுப்பார்கள்.

தேரைச் சுற்றித் தொங்கும் துணிகளைப் பார்க்கவே ஒரு நாள் வேண்டும். ஒரு தேரில் 16-ம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் நெய்த பைபிள் கதைத் திரைச்சீலை. இன்னொன்றில் மொகலாயர் காலத்து இந்தியக் கம்பளம். கடல் வழியாக வந்த நல்ல துணியை அந்தக் காலத்து வியாபாரிகள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் தேருக்குக் கட்டினார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். இந்தத் தேர்கள் யசாக்கா ஆலயத்துக்குச் சொந்தம் இல்லை. அரசாங்கத்துக்கும் சொந்தம் இல்லை. ஒவ்வொரு தேரும் ஒரு தெருவுக்குச் சொந்தம். ச்சோ என்று சொல்கிறார்கள், நம்ம பாஷையில் ஒரு தெருக்கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேரைக் கட்டுவது, பாதுகாப்பது, காசு சேர்ப்பது, பிள்ளைகளுக்கு இசை சொல்லிக் கொடுப்பது எல்லாம் அந்தத் தெருக்காரர்கள் வேலை. ஆலயத்தின் மூர்த்திகள் எழுந்தருளுவது வேறு. 17-ம் தேதி சாயங்காலம் மிகோஷி என்ற மூன்று பல்லக்குகளில் ஆலயத்திலிருந்து புறப்பட்டு ஊருக்குள் வந்து தங்கும், 24-ம் தேதி திரும்பிப் போகும். அன்று காலையில் தேர்கள் ஓடுவது, சாமி வரும் பாதையைச் சுத்தம் பண்ணத்தான். ஊரில் இருக்கிற நோய், தீட்டு எல்லாவற்றையும் தேர் தன் மேல் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் ஓடி முடிந்த அன்றைக்கே தேரைப் பிரித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். காட்சிக்கு ஒரு நாள் கூட விடுவதில்லை.

ஆணி இல்லாத தேர்

நாங்கள் தேரோட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்விட்டதால் தெருவிலேயே தேர் கட்டுவதைப் பார்க்க முடிந்தது. இரும்பு ஆணி கிடையாது. மரத்தோடு மரத்தைச் சேர்த்து வைக்கோல் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு மூட்டிலும் கயிறு ஒரே சீராக, பின்னல் மாதிரி அழகாக இருக்கிறது. சட்டம் கட்ட ஒரு குழு, தச்சு வேலைக்கு ஒரு குழு, சக்கரத்துக்கு ஒரு குழு என்று வேலை பிரிந்திருக்கிறது.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் மெஷின் பக்கத்தில் நின்றவன் நான், அதனால் இதைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தேன். 12 டன் தேர் மேடு பள்ளத்தில் உருளும்போது சட்டம் முறுக்கும். ஆணி அடித்து இறுக்கியிருந்தால் மரம் பிளந்துவிடும். கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். அவிழ்த்தால் மரத்தில் ஓட்டை கிடையாது, அடுத்த வருஷமும் அதே மரம் உதவும். ஆனால் இந்த முடிச்சைப் புத்தகத்தைப் பார்த்துப் போட முடியாது. பெரியவர் ஒருவர் கயிற்றை இழுத்துக் காட்ட, பக்கத்தில் இளைஞன் ஒருவன் அதே மாதிரி இழுத்துப் பார்க்கிறான். சரியில்லை என்றால் அவிழ்க்கச் சொல்கிறார். மறுபடியும் கட்டுகிறான். யாரும் சத்தம் போடவில்லை.

கட்டி முடித்ததும் ஒரு நாள் சோதனைக்குக் கொஞ்ச தூரம் இழுப்பார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வடம் பிடிக்கலாம். பாலர் பள்ளிப் பிள்ளைகள், கிழவிகள், எங்களை மாதிரி வெளியூர்க்காரர்கள் எல்லாரும் பிடித்தோம். வடத்தைத் தொட்டதும் என்னை அறியாமல் வாயில் அரோகரா வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே தலை குனிந்து வணங்கினார்.

தேரோட்டத்தன்று பெரிய காட்சி தெருமுனையில். அந்தச் சக்கரத்துக்குத் திரும்பத் தெரியாது, நேராகத்தான் போகும். அதனால் பச்சை மூங்கிலைப் பிளந்து சக்கரத்துக்கு அடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் வழுக்க விட்டு இழுக்கிறார்கள். இரண்டு மூன்று இழுப்பில் தேர் அடுத்த தெருவைப் பார்த்து நிற்கும். தமிழ்நாட்டில் பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார்கள் இல்லையா, அந்த வேலைதான். அங்கேயும் இங்கேயும் கட்டை போடுகிறவனுக்கு ஒரு கண் தப்பினால் போச்சு.

முதல் மரியாதைச் சண்டை

தெருவுக்கு ஒரு தேர் என்றால் எது முன்னால் போவது என்று சண்டை வராமல் இருக்குமா? வந்தது. 1500-ம் ஆண்டில் அதற்கு ஒரு முடிவு கட்டினார்கள்: சீட்டுக் குலுக்கல். இன்றைக்கும் ஜூலை 2-ம் தேதி நகர மண்டபத்தில் சீட்டு எடுக்கிறார்கள். தேரோட்டத்தன்று வழியில் மேயர் பழைய காலத்து அதிகாரி வேஷத்தில் நின்று, ஒவ்வொரு தேரின் சீட்டையும் பிரித்துப் பார்த்து வரிசை சரியா என்று சோதித்துத்தான் அனுப்புவார். நாகினாத்தா ஹோக்கோ மாதிரி சில தேர்களுக்கு மட்டும் நிரந்தர இடம் உண்டு, அவர்களுக்குச் சீட்டு இல்லை. மற்ற எல்லாருக்கும் சீட்டில் வந்ததுதான் இடம், அடுத்த வருஷம் மாறலாம். ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக இதுதான் முறை. நம்ம கோயில்களில் பரிவட்டம் யாருக்கு, மாலை யாருக்கு என்று எத்தனை குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

நின்று நின்று ஓடிய தேர்

1,100 வருஷம் என்றதும் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது என்று நினைக்காதீங்க. 1467-ல் ஓனின் போர் தொடங்கி பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. கியோத்தோ எரிந்து சாம்பலாச்சு. திருவிழா நின்றது. மறுபடியும் தொடங்க 1500 ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கும் மேல் இடைவெளி. மீண்டும் நடத்த ஊர்க்காரர்கள் தேர்களை ஒவ்வொன்றாகக் கட்டினார்கள்.

1533-ல் இன்னொரு தடங்கல். ஆட்சியாளர்கள் அந்த வருஷம் விழா வேண்டாம் என்று உத்தரவு போட்டார்கள். தெருக்காரர்கள் திரண்டு போய், ஆலயச் சடங்கு நடக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் தேரை ஓட்ட விடுங்கள் என்று மனு கொடுத்தார்கள். சாதாரண வியாபாரிகளும் நெசவாளிகளும் கேட்ட கேள்வி அது.

அப்புறம் நெருப்பு. 1788-ல் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. 1864-ல் அரண்மனை வாசல் சண்டையில் பற்றிய தீ மறுபடியும் ஊரைத் தின்றது. தேர்கள் பல போயின. ஒவ்வொரு தடவையும் வீட்டைக் கட்டிக்கொண்டே தேரையும் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் நின்றது, 1947-ல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. 1962-ல் தெருவுக்கு அடியில் ரயில் பாதை தோண்டினதால் ஒரு வருஷம் ஓடவில்லை. 2009-ல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது.

2020-ல் கோவிட் வந்தது. நோயை விரட்டப் பிறந்த திருவிழாவையே நோய் நிறுத்திவிட்டது. தேர் இல்லை. ஆனாலும் தெருக்களின் பிரதிநிதிகள் பாரம்பரிய உடையில், கையில் புனித இலைக் கொத்தோடு நடந்தே போய் வழிபட்டுவிட்டு வந்தார்கள். 2021-லும் ஓட்டம் இல்லை. ஆனால் பல தெருக்களில் தேரைக் கட்டினார்கள். ஓடாத தேரை எதற்குக் கட்ட வேண்டும்? கயிறு கட்டுகிற கை மறந்துவிடக் கூடாது என்றுதான். 2022-ல் தேர் மறுபடியும் ஓடியது. 2021 தைப்பூசம் நமக்கும் மறந்திருக்காது. காவடி இல்லை, கூட்டம் இல்லை, வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் முருகனைப் பார்த்தோம்.

ஓய்வில் இருக்கிற தேர்

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். எரிந்து போன, ஓட முடியாமல் நின்ற தேரை அவர்கள் அழிந்துபோன தேர் என்று சொல்வதில்லை. யசுமி யாமா என்கிறார்கள். ஓய்வில் இருக்கிற தேர் என்று அர்த்தம்.

ஓஃபுனே ஹோக்கோ என்று கப்பல் வடிவத்தில் ஒரு தேர். 1864 தீயில் எரிந்தது. அதன் தெய்வ உருவத்தையும் சில துணிகளையும் தெருக்காரர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். திருவிழா வந்தால் தேர் இல்லாமலேயே அதை வெளியே எடுத்து வைத்து வழிபடுவார்கள். பேரன், கொள்ளுப்பேரன் காலம் வரைக்கும் இப்படியே. 2014-ல், 150 வருஷம் கழித்து, தேரைப் புதிதாகக் கட்டி மறுபடியும் ஓட்டினார்கள். தாக்கா யாமா என்ற தேர் அதைவிட அதிகம். 1826-ல் பெருமழையில் சேதமாகி நின்றது, அப்புறம் தீயிலும் போனது. அதன் மூர்த்திகள் மட்டும் மிச்சம். 2022-ல், 196 வருஷம் கழித்து, அந்தத் தேர் ஊர்வலத்தில் வந்தது. தேர் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் கூட உயிரோடு இல்லாத ஒரு தெரு, அதைத் திரும்பவும் ஓட்டியிருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு நம்ம தோட்டக் கோயில்கள் ஞாபகம் வந்தன. தோட்டம் விற்றாச்சு, லயம் இடிச்சாச்சு, ஜனங்கள் தாமானுக்கும் பிளாட்டுக்கும் சிதறிப் போனார்கள். சில இடங்களில் அம்மனைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்து புது இடத்தில் வைத்தார்கள். அந்தக் கோயில்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அம்மனைத் தூக்க ஆள் இல்லாத இடத்தில் பெயர் கூட மிச்சம் இல்லை.

கியோத்தோவிலும் இன்றைக்குப் பிரச்சினை இல்லாமல் இல்லை. தேர்த் தெருக்கள் எல்லாம் நகரின் நடுவில் இருக்கின்றன. பழைய வீடுகள் போய் ஆபீஸ், ஹோட்டல், கொண்டோ வந்துவிட்டன. பூர்வீகக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. அதற்கு அவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். புதிதாகக் கொண்டோவில் குடி வந்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வடம் பிடிக்க மாணவர்களையும் தொண்டர்களையும் வரவழைக்கிறார்கள். முன்பு பெண்களைத் தேரில் ஏற்றாத சில தெருக்களில் இப்போது பெண்கள் மேலே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சில தெருக்களில் இன்னும் பழைய முறைதான். அது அந்தந்தத் தெருவின் முடிவு.

நமக்கு என்ன?

நம்ம கோயில் தேரும் ஓடுகிறது, அம்மன் புண்ணியத்தில் கூட்டமும் வருகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. தேர் ஜோடிக்கிற வேலையில் எத்தனை பேர் முப்பது வயதுக்குக் கீழே? தோரணம் பின்ன, தொம்பை கட்ட, மூர்த்தியை அசையாமல் கயிறு போட்டு நிறுத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வயது என்ன? பணம் கொடுத்தால் வெளியாள் வந்து பூ ஜோடனை செய்துவிட்டுப் போவார்கள், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் ஒரு வருஷம் பணம் இல்லை என்றாலோ, ஆள் வரவில்லை என்றாலோ என்ன செய்வோம்?

கியோத்தோ தேரைக் காப்பாற்றியது பணமும் யுனெஸ்கோவும் இல்லை. அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஆயிரம் வருஷம் ஓடிவிட்டது. கயிறு கட்டத் தெரிந்த ஒரு பெரியவர், பக்கத்தில் நின்று பார்க்கிற ஒரு இளைஞன், இவர்கள் இரண்டு பேரும்தான் காப்பாற்றினார்கள்.

அதனால் நிர்வாகத்திடம் பேசி அனுமதி வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம் தேர்த்திருவிழாவுக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால பூஜைக்கு முன் ஒரு மணி நேரம், கோயில் மண்டபத்தில் உட்காருவோம். நம்ம மூத்த தொண்டர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு ஞாயிறு தோரணமும் மாலையும், ஒரு ஞாயிறு தேர் கட்டும் முடிச்சுகள், ஒரு ஞாயிறு மூர்த்தியை ஏற்றி இறக்கும் முறை. ஆண், பெண், சின்னப் பிள்ளை யாரும் வரலாம். பக்கத்துத் தாமானுக்குப் புதிதாக வந்த குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு வாங்க. கோயில் உறுப்பினரா என்று யாரும் கேட்க மாட்டோம். தேநீர், வடை உபயம் ஏற்கனவே ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐயா, அம்மா, உங்களுக்குத் தெரிந்ததைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீங்க. தம்பி, தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை: கைப்பேசியில் படம் எடுப்பது நல்லதுதான், எடுங்க. எடுத்து முடித்ததும் ஒரு கை கயிற்றையும் பிடிச்சுப் பாருங்க.

மற்ற கோயில் தொண்டர்களுக்கும் பகிருங்கள். அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். ஓம் சக்தி.